குலுக்கலா, கூடாரமா, காசா: விம்பிள்டனை நேரில் பார்க்க எது நல்ல வழி?

போன வாரம் மதுரையிலிருந்து அக்கா மகன் அழைத்தான். அடுத்த ஜூலையில் வேலை விஷயமாக லண்டன் வருகிறானாம். "மாமா, எப்படியாவது சென்டர் கோர்ட்டுக்கு ஒரு டிக்கெட் பார்த்து வையுங்க. அது இல்லேன்னா விம்பிள்டன் வந்ததுக்கே அர்த்தமில்லை" என்றான்.

லண்டனில் குடியேறிய நாளிலிருந்து வருஷத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். டிக்கெட் எங்கே வாங்குவது என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. அதோடு இன்னும் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எந்த நாள் போவது? உள்ளே போனபிறகு எந்தக் கோர்ட்டில் உட்காருவது? கடைசிக் கேள்வியை யாருமே கேட்பதில்லை. தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய நமக்கு விம்பிள்டன் டென்னிஸ் என்றாலே சென்டர் கோர்ட் என்கிற பிரதான ஆடுகளம்தான். மற்ற பதினேழு கோர்ட்டுகளும் நம் கணக்கில் வருவதில்லை. அவனுக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

காசு வழி

இதை முதலில் முடித்துவிடலாம், பேச அதிகமில்லை. விம்பிள்டனில் டிபென்ச்சர் என்று ஒன்று உண்டு. ஐந்து வருடங்களுக்கு, போட்டி நடக்கும் ஒவ்வொரு நாளும் ஓர் இருக்கை உங்களுக்கு என்று எழுதிக்கொடுக்கிற பத்திரம். சர்ச் ரோட்டில் இப்போதிருக்கும் மைதானத்துக்கு நிலம் வாங்க 1920இல் பணம் திரட்டியபோது ஆரம்பித்த ஏற்பாடு இது. இன்றைக்கும் பெரிய கட்டட வேலைகளுக்கு இந்தப் பணம்தான் கைகொடுக்கிறது. 2021 முதல் 2025 வரைக்குமான சென்டர் கோர்ட் பத்திரம் ஒன்று 80,000 பவுண்டு. 2026 முதல் 2030 வரைக்கு 1,16,000 பவுண்டு. நம் ரூபாயில் ஒன்றேகால் கோடியைத் தாண்டும்.

பத்திரத்தை நீங்களும் நானும் வாங்கப்போவதில்லை. ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். விம்பிள்டனில் முறைப்படி கைமாற்றி விற்கக்கூடிய டிக்கெட் இது ஒன்றுதான். பத்திரக்காரர் தான் போகாத நாளின் டிக்கெட்டை விற்கலாம், நீங்கள் வாங்கலாம். விலை நூறுகளில் ஆரம்பித்து, கடைசி நாட்களில் ஆயிரங்களுக்குப் போகும். இது போக, சாப்பாடு, தேநீர், இருக்கை எல்லாம் சேர்த்து அதிகாரபூர்வமாக விற்கும் விருந்துத் தொகுப்புகளும் உண்டு. அவையும் அதே ரகம். இந்த இரண்டையும் தவிர, இணையத்தில் யாராவது 'கைவசம் டிக்கெட் இருக்கிறது' என்றால் பர்ஸை மூடி வைத்துவிடுங்கள். குலுக்கலில் கிடைத்த டிக்கெட்டைக் கைமாற்றினால் அது செல்லாது. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

யாருக்கு இந்த வழி? எழுபது வயது அப்பாவை அழைத்து வருகிறீர்கள், லண்டனில் இருப்பதே மூன்று நாள், வரிசையில் நிற்கிற உடம்பு அவருக்கு இல்லை, ஆனால் டென்னிஸ் என்றால் உயிர். அப்படியென்றால் கொடுங்கள், தப்பில்லை. மற்றபடி வேண்டாம்.

குலுக்கல் வழி

பொதுமக்களுக்கான குலுக்கல் 1924இல் ஆரம்பித்தது. நூறு வருடம் தாண்டியும் அதன் தர்மம் மாறவில்லை: நாளையும் கோர்ட்டையும் நீங்கள் கேட்க முடியாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். முந்தைய வருடத்து இலையுதிர் காலத்திலேயே விம்பிள்டன் தளத்தில் கணக்கு தொடங்கி விண்ணப்பித்துவிட வேண்டும். விண்ணப்பத்துக்குக் காசு இல்லை. எந்த நாட்டில் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். அதிர்ஷ்டம் அடித்தால் சாதாரணமாக இரண்டு டிக்கெட் வரை கிடைக்கும், அதுவும் அச்சிட்ட விலைக்கே. முதல் நாட்களில் சென்டர் கோர்ட் சுமார் நூறு பவுண்டு. 2025இல் ஆண்கள் இறுதிப்போட்டிக்கு 315 பவுண்டு. டிபென்ச்சர் சந்தையில் இதே ஆட்டத்துக்கு எத்தனை மடங்கு கேட்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால் குலுக்கலின் அருமை புரியும்.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இதில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. சில மாதங்கள் முன்னாலேயே தெரிந்துவிடுவதால் விசாவுக்கும் விமானத்துக்கும் விடுப்புக்கும் நேரம் இருக்கிறது. அது வசதி. ஆனால் இரண்டாவது வாரப் புதன்கிழமைக்கு டிக்கெட் விழுந்து, உங்கள் அலுவலகம் முதல் வாரத்துக்கு மட்டும்தான் விடுப்பு தருகிறது என்றால், அந்த டிக்கெட்டைத் தம்பிக்குக் கொடுக்க முடியாது, நண்பருக்கு விற்கவும் முடியாது. பணம் கட்டாமல் விட்டுவிட வேண்டியதுதான். அது வேறொருவருக்குப் போய்விடும்.

என்னைக் கேட்டால் எல்லோரும் குலுக்கலில் பேர் கொடுத்து வைக்க வேண்டும், யாரும் அதை நம்பித் திட்டம் போடக்கூடாது. அதை நம்பி விமான டிக்கெட் எடுப்பது, லாட்டரிச் சீட்டை நம்பி வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிற மாதிரி.

வரிசை

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த வழி. கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன்.

உலகத்தின் பெரிய விளையாட்டுப் போட்டிகளில், அன்று காலை வந்து வரிசையில் நின்று, அன்றைய முக்கியமான ஆட்டத்துக்கே முன்வரிசை டிக்கெட்டை அச்சிட்ட விலையில் வாங்க முடிகிற இடங்கள் மிகக் குறைவு. விம்பிள்டன் அதில் ஒன்று. ஒவ்வொரு நாளும் சென்டர் கோர்ட், நம்பர் ஒன் கோர்ட், நம்பர் டூ கோர்ட் ஆகிய மூன்றுக்கும் தலா சுமார் 500 டிக்கெட்டுகளை வரிசையில் நிற்பவர்களுக்கென்று ஒதுக்குகிறார்கள். கடைசி நான்கு நாட்களுக்கு மட்டும் சென்டர் கோர்ட் ஒதுக்கீடு கிடையாது. இவற்றைத் தவிர ஆயிரக்கணக்கில் கிரவுண்ட் பாஸ், அதாவது இந்தப் பெரிய கோர்ட்டுகளை விட்டு மற்றக் கோர்ட்டுகளில் சுற்றிப் பார்ப்பதற்கான நுழைவுச் சீட்டு. மைதானத்துக்குள் ஒரே நேரத்தில் சுமார் 42,000 பேர் இருக்கலாம். அந்த எண்ணிக்கை நிரம்பும்வரை வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். நிரம்பிவிட்டால் ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே.

வரிசை நிற்பது தெருவில் இல்லை. மைதானத்துக்கு எதிரே உள்ள விம்பிள்டன் பார்க்கின் புல்வெளியில். டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் வந்து சவுத்ஃபீல்ட்ஸ் நிலையத்தில் இறங்கினால் கால் மணி நேர நடை. வந்தவுடன் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும், அங்கே உங்களுக்குத் தேதியும் எண்ணும் போட்ட ஓர் அட்டை கிடைக்கும். அந்த எண்தான் எல்லாம். அட்டை கையில் வந்தபிறகு முண்டியடிப்பு என்ற பேச்சே இல்லை. சேப்பாக்கம் கிரிக்கெட் டிக்கெட்டுக்கு வாலாஜா ரோட்டில் விடிய விடிய நின்று, கவுண்டர் திறந்த கணத்தில் பின்னாலிருந்து வரும் தள்ளலில் செருப்பைத் தொலைத்தவர்களுக்கு இந்த ஒழுங்கைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். எனக்கு இருந்தது.

சில விதிகள் கறாரானவை. ஒருவருக்கு ஓர் அட்டை, ஒரு டிக்கெட். இன்னொருவருக்காக இடம் பிடித்துவைக்க முடியாது. 'என் பையனுக்கும் சேர்த்து' என்கிற பாச்சா அங்கே பலிக்காது. கழிப்பறைக்கோ தேநீருக்கோ போனால் அரை மணி நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். கூடாரம் இரண்டு பேர் படுக்கும் அளவுக்கு மேல் கூடாது. அடுப்பு, நெருப்பு எதுவும் கூடாது. இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது. பணம் கார்டில்தான் கட்ட வேண்டும். விம்பிள்டன் செயலியில் முன்கூட்டியே கணக்கு தொடங்கி வைத்துக்கொண்டு போனால் வாசலில் வேலை சீக்கிரம் முடியும்.

சரி, வரிசை என்று முடிவு செய்தாயிற்று. எப்போது போய் நிற்பது? இங்கேதான் அடுத்த ஒப்பீடு.

முதல் யோசனை, முந்தைய நாளே போய்க் கூடாரம் அடிப்பது. சென்டர் கோர்ட்டில் உட்கார்ந்தே தீருவேன் என்றால் இதைத் தவிர வழியில்லை. முதல் 500 எண்ணுக்குள் வர வேண்டும். பெரிய பெயர்கள் ஆடுகிற நாளென்றால் முந்தைய நாள் மதியமே அந்த 500 முடிந்துவிடலாம். அன்று காலை முதல் ரயிலில் வருகிறவர் கூடாரக்காரர்களை ஒருநாளும் முந்த முடியாது, ரயில் அத்தனை சீக்கிரம் ஓடவே இல்லை. இரவில் பார்க் ஒரு சின்னத் திருவிழா மாதிரி இருக்கும். பக்கத்துக் கூடாரத்தில் சீட்டாடுவார்கள், யாரோ கால்பந்து உதைப்பார்கள், வெளியிலிருந்து வரவழைத்த பீட்ஸாவை வாசலில் போய் வாங்கிவருவார்கள். ஜூலை மாதம்தானே என்று போர்வை இல்லாமல் போய்விடாதீர்கள். இங்கிலாந்தின் கோடைக்கும் நம் மார்கழிக்கும் விடியற்காலையில் பெரிய வித்தியாசம் கிடையாது, புல்லெல்லாம் நனைந்திருக்கும். அதிகாலையில் பணியாளர்கள் வந்து எழுப்புவார்கள். கூடாரத்தைச் சுருட்டிப் பொருள் வைக்குமிடத்தில் கொடுத்துவிட்டு மறுபடி வரிசையில் நெருக்கமாக நிற்க வேண்டும். அதற்கப்புறம் எண் வரிசைப்படி கேட்டுக்கொண்டே வருவார்கள்: சென்டரா, ஒன்றா, இரண்டா? நீங்கள் சொல்கிற கோர்ட்டுக்கு ஒரு கைப்பட்டை மாட்டிவிடுவார்கள்.

முதல் தடவை நான் இப்படித்தான் போனேன். சென்டர் கோர்ட் டிக்கெட்டும் கிடைத்தது. இரண்டாவது ஆட்டத்தின் நடுவே உட்கார்ந்த வாக்கில் தூங்கிவிட்டேன். இரவு மூன்று மணி நேரம்கூடத் தூங்காதவன், இதமான வெயில், பந்து அடிக்கும் தாள லயம், வேறென்ன நடக்கும்? பக்கத்திலிருந்த அம்மையார் தட்டி எழுப்பி, "நல்ல செட் ஒன்று போய்விட்டது" என்றார்.

இரண்டாவது யோசனை, அன்று காலை முதல் ரயிலில் போவது. ஆறரை, ஏழு மணிக்குள் வரிசையில் சேர்ந்தால் சாதாரண நாட்களில் கிரவுண்ட் பாஸ் கிடைத்துவிடும் என்று நம்பிப் போகலாம். வாசல் பத்து மணிக்குத் திறக்கும், வெளிக் கோர்ட்டுகளில் பதினொரு மணிக்கு ஆட்டம் தொடங்கும். இதில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. மறுநாள் ஆட்ட அட்டவணை முந்தைய நாள் மாலைதான் வெளியாகும். கூடாரக்காரர் அதைப் பார்க்கும் முன்பே வந்து படுத்துவிட்டார். நீங்களோ அட்டவணையைப் பார்த்து, வானிலையைப் பார்த்து, போகலாமா வேண்டாமா என்று வீட்டில் காபி குடித்துக்கொண்டே முடிவு செய்யலாம். கிரவுண்ட் பாஸ் விலை 30 பவுண்டு சொச்சம். நம் காசுக்கு மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டும். லண்டனில் ஒரு சுமாரான இசை நாடகத்துக்குப் பின்வரிசை டிக்கெட்டே இந்த விலைக்குக் கிடைப்பது கஷ்டம்.

மூன்றாவது யோசனை சாயங்கால வழி. மாலை ஐந்துக்கு மேல் கிரவுண்ட் பாஸ் விலை குறையும். ஜூலையில் இங்கே ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால் ஐந்து மணிக்கு உள்ளே போனாலும் நான்கு மணி நேர டென்னிஸ் மிச்சம். லண்டனிலேயே இருப்பவர்கள் அலுவலகம் முடிந்து வருவது இப்படித்தான். வெளியூர்க்காரருக்கு இது சரிப்படாது. கூட்டம் அதிகமான நாளில் மாலை வரிசை அசையாமலே நின்றுவிட வாய்ப்புண்டு. வேறு நாள் கையில் இல்லாதவர் அந்தப் பந்தயத்தைக் கட்டக்கூடாது.

உள்ளே போனபிறகு

சென்டர் கோர்ட் டிக்கெட்டையும் கிரவுண்ட் பாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சென்டர் கோர்ட்டில் சுமார் 15,000 இருக்கைகள். 2009இலிருந்து மேலே மூடித் திறக்கும் கூரை. நம்பர் ஒன்னுக்கு 12,000க்கு மேல் இருக்கைகள், கூரை 2019இல் வந்தது. சென்டரில் ஆட்டம் தொடங்குவது மதியம் ஒன்றரைக்கு. அன்றைக்கு நீங்கள் பார்க்கப்போவது பொதுவாக மூன்று ஒற்றையர் ஆட்டம். முதல் சுற்றில் உலகின் முதலாவது வீரர் தொண்ணூற்றெட்டாவது வீரரை ஒன்றரை மணி நேரத்தில் அடித்து அனுப்புவார். பார்த்தோம் என்ற திருப்தி இருக்கும். ஆட்டம் என்று சொல்லிக்கொள்ள அதில் அவ்வளவாக ஒன்றும் இருக்காது.

இப்போது மறுபக்கம். ஆண்களில் 128 பேர், பெண்களில் 128 பேர். முதல் சுற்றை முதல் திங்கள், செவ்வாய் இரண்டு நாளில் முடிக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் 64 ஒற்றையர் ஆட்டங்கள். அவற்றில் பெரிய மூன்று கோர்ட்டுகளில் நடப்பது பத்துப் பதினொன்று. மீதி ஐம்பது சொச்சமும் கிரவுண்ட் பாஸ்காரருக்குச் சொந்தம். மூன்றாம் கோர்ட்டின் எண்ணிடாத இருக்கைகளிலிருந்து பதினெட்டாம் கோர்ட் வரை முதலில் வந்தவருக்கு முதல் இடம். சின்னக் கோர்ட்டுகளில் பெஞ்சுக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவே ஓரிரு எட்டு தூரம்தான். நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பன் நடந்த காலத்தில் பக்கத்துக் கோர்ட்டுகளில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மணிக்கு 200 கிலோமீட்டரில் போகிற சர்வீஸ் தொலைக்காட்சியில் ஒரு எண். அங்கே அது காதுக்குப் பக்கத்தில் வெடிக்கிற சத்தம். பயிற்சியாளர் பல்லைக் கடிப்பதும், வீரர் தன்னைத்தானே தாய்மொழியில் திட்டிக்கொள்வதும் கேட்கும். தரவரிசையில் எண்பதில் இருப்பவருக்கும் எண்பத்தைந்தில் இருப்பவருக்கும் நடக்கிற ஐந்து செட் சண்டையில் இருவருக்கும் அந்த வருடத்துச் சம்பாத்தியத்தில் ஒரு பெரிய பங்கு தொக்கி நிற்கும். அவர்கள் விடமாட்டார்கள்.

இதற்கு உலகமே அறிந்த சாட்சி ஒன்று உண்டு. 2010 ஜூன் 22, செவ்வாய் மாலை. பதினெட்டாம் கோர்ட்டில் அமெரிக்காவின் ஜான் இஸ்னரும் பிரான்ஸின் நிக்கோலா மஹூவும் முதல் சுற்று ஆட ஆரம்பித்தார்கள். எண்ணூறு பேர்கூட உட்கார முடியாத கோர்ட். வெளிச்சம் போனதால் நான்கு செட்டோடு நிறுத்தினார்கள். புதனன்று மதியம் ஐந்தாவது செட் தொடங்கி, 47-47இல் மின்பலகை அதற்குமேல் எண்ணத் தெரியாமல் நின்றுபோய், 59-59இல் மறுபடி இருட்டிவிட்டது. வியாழன் வந்துதான் 70-68 என்று இஸ்னர் ஜெயித்தார். மொத்தம் 11 மணி 5 நிமிடம், 183 கேம். டென்னிஸ் வரலாற்றிலேயே நீளமான ஆட்டம். அதே வியாழக்கிழமை ராணி எலிசபெத் 33 வருடங்களுக்குப் பிறகு விம்பிள்டனுக்கு வந்து சென்டர் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தார். ஊர் பேசியதோ பதினெட்டாம் கோர்ட்டைப் பற்றி. புதன்கிழமை கிரவுண்ட் பாஸோடு உள்ளே போய், தற்செயலாக அந்தப் பெஞ்சில் இடம் பிடித்தவரை நினைத்துப் பாருங்கள்.

எல்லா நாளும் இப்படி நடக்காது, தெரியும். ஆனால் சுமாரான ஓர் ஆட்டம் அலுத்தால் எழுந்து பக்கத்துக் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிற சுதந்திரம் எல்லா நாளும் உண்டு. சென்டர் கோர்ட் டிக்கெட்காரரும் வெளிக் கோர்ட்டுகளுக்கு வரலாம்தான். ஆனால் நூறு பவுண்டு இருக்கையை விட்டு எழுந்திருக்க மனசு வருமா? எழுந்தாலும், திரும்ப உள்ளே விடுவது ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும்போதுதான். அதுவரை வாசலில் நிற்க வேண்டும்.

நான் சென்டர் கோர்ட்டுக்கு எதிரி இல்லை. அதன் அமைதி வேறெங்கும் கிடையாது. நடுவர் "நன்றி" என்று ஒரு வார்த்தை சொன்னதும் பதினைந்தாயிரம் பேர் வாயை மூடுவது உடம்பைச் சிலிர்க்க வைக்கும். நம் நாட்டு ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் அரையிறுதி வரை போய், முதலில் நீல் ஃபிரேசரிடமும் அடுத்து ராட் லேவரிடமும் தோற்றது இந்த விம்பிள்டனில்தான் என்பது நினைவுக்கு வந்தால் தொண்டையில் ஏதோ அடைக்கும். ஒரு நாள் போதாது, இரண்டு நாள் இருக்கிறது என்றால் இரண்டாவது நாளை அதற்குக் கொடுக்கலாம். அப்போதும் நான் நம்பர் ஒன் கோர்ட்டையே சொல்வேன். அங்கேயும் கூரை உண்டு, ஆட்டம் ஒரு மணிக்கே தொடங்கிவிடும், விலை குறைவு, அடுத்த கட்ட வீரர்கள் ஆடுவதால் ஆட்டம் இறுக்கமாக இருக்க வாய்ப்பு கூடுதல். 500க்குள் எண் வரவில்லை என்று சென்டர் கோர்ட்காரர் அழும்போது, நம்பர் ஒன் டிக்கெட் இன்னும் மிச்சமிருக்கும்.

மழைதான் கிரவுண்ட் பாஸின் எதிரி. கூரை இருப்பது இரண்டு கோர்ட்டுகளுக்குத்தான். தூறல் விழுந்தால் வெளிக் கோர்ட்டுகளில் படுதாவை இழுத்து மூடிவிடுவார்கள். நீங்கள் குடையோடு மைதானத்துக்குள் இருக்கும் புல்மேட்டில் உட்கார்ந்து பெரிய திரையைப் பார்க்க வேண்டியதுதான். நாள் முழுக்க மழை என்று வானிலை அறிக்கை உறுதியாகச் சொன்னால் மட்டும் என் பரிந்துரை தலைகீழாக மாறும்: கூரையுள்ள கோர்ட்டுக்கு டிக்கெட் கிடைக்காவிட்டால் அன்றைக்குப் போகாதீர்கள்.

எந்த நாள்

முதல் நான்கு நாட்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் திங்கள், செவ்வாயில் ஒற்றையர் ஆட்டம் கொட்டிக் கிடக்கும். புல்லும் எட்டு மில்லிமீட்டர் உயரத்தில் பசேலென்று இருக்கும். இரண்டாவது வாரத்தில் பேஸ்லைன் என்கிற பின்கோட்டுப் பக்கமெல்லாம் வெறும் மண்தான். புதனிலிருந்து இரட்டையரும் சேர்ந்துகொள்ளும். இந்திய ஆட்டக்காரர்களை இப்போது பார்க்க முடிவது பெரும்பாலும் இரட்டையரில்தான், அதுவும் வெளிக் கோர்ட்டுகளில். மூவர்ணக் கொடியோடு நாலு பேர் நிற்கிற இடத்தைத் தேடிப்போனால் போதும், தமிழும் காதில் விழும்.

நாட்கள் போகப் போக ஆட்டங்கள் குறையும், பெரிய பெயர்கள் பெரிய கோர்ட்டுக்குள் ஒதுங்கிவிடும். இரண்டாவது வாரத்தில் கிரவுண்ட் பாஸ் விலை குறைவதற்குக் காரணம் அதுதான். அப்போது போகிறவருக்கு ஜூனியர் ஆட்டங்கள் கிடைக்கும். அதையும் ஏளனமாக நினைக்க வேண்டாம். 1954இல் ஜூனியர் பட்டம் வென்றவர் ராமநாதன் கிருஷ்ணன், 1979இல் வென்றவர் அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன், 1998இல் ரோஜர் ஃபெடரர். அன்றைக்கு அந்தச் சின்னக் கோர்ட்டுகளில் நின்று பார்த்தவர்கள் தாங்கள் யாரைப் பார்க்கிறோம் என்று தெரிந்தா பார்த்தார்கள்?

இறுதிப்போட்டி நாளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: வரிசையில் நின்றவர்களால் சென்டர் கோர்ட் இறுதிப்போட்டி நிரம்பி வழிந்தது 2001இல். மழையால் ஆண்கள் இறுதி ஆட்டம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போக, சுமார் 10,000 டிக்கெட்டுகளை வந்தவர்களுக்கு வந்த வரிசையில் விற்றார்கள். வைல்ட் கார்டு என்கிற சிறப்பு அனுமதியில் வந்த கோரான் இவானிசெவிச், பேட்ரிக் ராஃப்டரை ஐந்தாவது செட்டில் 9-7 என்று வென்றார். கூட்டம் போட்ட சத்தத்தில் அது விம்பிள்டன் மாதிரியே இல்லை என்று பலர் முகம் சுளித்தார்கள். இப்போது கூரை வந்துவிட்டதால் மழை அந்த உபகாரத்தை மறுபடி செய்யப்போவதில்லை.

பதினைந்து பவுண்டு வழி

இதைப் பலருக்கு நான் சொல்லித்தான் தெரிகிறது. மதியத்துக்கு மேல் சென்டர் கோர்ட்டிலிருந்து சீக்கிரம் கிளம்புகிறவர்கள் தங்கள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த இருக்கையை, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு மறுபடி விற்கிறார்கள். சென்டர் கோர்ட் 15 பவுண்டு, நம்பர் ஒன்னும் டூவும் 10 பவுண்டு. 1954இலிருந்து நடக்கிறது, பணம் முழுக்க அறக்கொடைக்குப் போகிறது. முன்பு அதற்கும் கால்கடுக்க ஒரு தனி வரிசை இருந்தது. இப்போது செயலியிலேயே பேர் கொடுத்துவிட்டு, வேறு ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கலாம். முறை வந்தால் மேட்டுக்குப் பக்கத்தில் உள்ள டிக்கெட் கவுண்டருக்குப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது ஆட்டம் ஆரம்பிக்கும் நேரத்தில், ஆறு, ஆறரை மணிவாக்கில், நல்ல இருக்கைகூட விழும். வெயில் சாய்ந்து, கோர்ட்டில் பாதி நிழல் விழுந்திருக்கும் அந்த நேரத்துச் சென்டர் கோர்ட்தான் எனக்குப் பிடித்தது. இரவெல்லாம் கூடாரத்தில் நடுங்கியவரும் நூறு பவுண்டு கொடுத்தவரும் பார்க்கிற அதே ஆட்டம்.

ஆக, அக்கா மகனுக்கு நான் சொன்னது இதுதான். குலுக்கலில் பேர் கொடுத்து வை, கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் முதல் செவ்வாயோ புதனோ விடியற்காலை ரயிலில் கிளம்பு, கிரவுண்ட் பாஸ் வாங்கு, பதினொரு மணியிலிருந்து பதினெட்டாம் கோர்ட், பன்னிரண்டாம் கோர்ட் என்று அலை. இரண்டு மணிக்கு மேல் செயலியில் பேர் கொடு. உன் சென்டர் கோர்ட்டையும் சாயங்காலம் பார்த்துவிடலாம். எல்லாம் சேர்த்து ஐம்பது பவுண்டுக்குள் முடியும். அவன் "ம்" என்றான். முழுசாக நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை.

அதற்குள் அக்கா போனைப் பிடுங்கிவிட்டாள். "டிக்கெட்டெல்லாம் இருக்கட்டும்டா. காலையில அஞ்சு மணிக்குப் போய் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் புள்ள என்னத்தைத் தின்பான்?"

உள்ளே ஸ்ட்ராபெரியும் கிரீமும் விற்கிறார்கள், பதினைந்து வருஷம் இரண்டரைப் பவுண்டிலேயே வைத்திருந்துவிட்டு 2025இல்தான் இருபது பென்ஸ் ஏற்றினார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஸ்ட்ராபெரி வயிற்றை நிரப்புமா என்றாள். சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம், அதற்குத் தடையில்லை, பை மட்டும் நாற்பதுக்கு முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "இரு, டேப் எடுத்துட்டு வரேன்" என்றாள்.